கற்றாழைச் சோறு பிரிக்கும் எந்திரம்: பழனி மலையடிவாரத்துக்கு ஏற்ற வடிவமைப்பு

எந்திரத்துக்குப் படம் போடுவதற்கு முன் ஒரு கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாய் மேலே தெரியும்படி பத்து நிமிடம் வையுங்கள். வெளியே பச்சைத் தோல், நடுவே கண்ணாடி போன்ற சோறு. இரண்டுக்கும் நடுவில், தோலை ஒட்டினாற்போல், வரிசையாக மஞ்சள் புள்ளிகள் முளைக்கும். அந்தப் புள்ளிகள்தான் மஞ்சள் பால் ஓடும் குழாய்கள். அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினால் கரியபோளம். அதில் இருக்கும் அலோயின் கடும் கசப்பு, வயிற்றைப் பேதியாக்கும். குடிக்கும் பொருளில் அலோயின் 10 பி.பி.எம்.முக்கு, அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு, மேல் போகக் கூடாது என்பதுதான் கற்றாழைத் தொழிலில் உலக அளவில் வைத்திருக்கும் வரம்பு. வீட்டில் சோற்றை ஏழு தண்ணீரில் அலசச் சொன்னதும் இந்தப் பாலைப் போக்கத்தான்.

ஆகவே இந்த எந்திரத்தின் வேலை சோற்றைப் பிழிவது அல்ல. மஞ்சள் பால் குழாய்களைத் தோலோடு சேர்த்துச் சீவி எடுப்பது. விற்பனைக்கு வரும் மலிவான எந்திரங்களில் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. இரண்டு உருளைகளுக்கு நடுவே மடலைக் கொடுத்து, பற்பசைக் குழாயை அழுத்துவதுபோல் சோற்றைப் பிதுக்குகிறார்கள். சோறு நிறைய வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் குழாய்களும் சேர்ந்து நசுங்கிப் பால் முழுவதும் சோற்றில் இறங்கிவிடும். சோப்புக்கோ ஷாம்புக்கோ போகிற சரக்காக இருந்தாலும் நிறமும் வாடையும் கெடும். குடிக்கிற சரக்குக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம்.

கீழே சொல்லும் வடிவம் மணிக்கு 100 கிலோ மடலுக்கானது. இதிலும் உருளை உண்டு, ஆனால் பிழிவதற்கு அல்ல: மடலை உள்ளே இழுத்துக் கொடுக்க மட்டும். மேலும் கீழும் நிற்கும் இரண்டு கத்திகள் தோலைச் சீவ, சோறு தொட்டியில் விழும். நான்கைந்து பேர் கொண்ட ஒரு குழு ஓட்டலாம். சமவெளி லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

எங்கே வைப்பது

கற்றாழை வறண்ட நிலத்துப் பயிர். ஒட்டன்சத்திரம், ஆயக்குடி, வத்தலக்குண்டு பக்கத்து அடிவாரச் செம்மண்ணில் நன்றாக வரும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் கொடைக்கானல் உயரத்துக்கு ஒத்துவராது. மடல் எடையில் பாதியை ஒட்டித் தோலும் விளிம்பும்தான். அவற்றைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிச் சுமப்பதில் அர்த்தமில்லை. கற்றாழை விளையும் காட்டுக்குப் பக்கத்திலேயே எந்திரத்தை வைத்து, பிரித்த சோற்றை மட்டும் ஏற்றுங்கள். வேலியோரம் நிற்கும் ஆனைக் கற்றாழையை யாராவது அறுத்துக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது வேறு இனம், அதன் சாறு பட்டால் தோல் அரிக்கும்.

எந்திரத்துக்கு வருமுன் மடல்

செடியின் வெளிச்சுற்றில் இருக்கும் முதிர்ந்த மடல் மூன்று நான்கை மட்டும் விடியற்காலையில் அறுக்க வேண்டும். அடியிலிருக்கும் வெள்ளைப் பகுதி முழுசாக மடலோடு வரட்டும். அந்த அடி மூடி இருக்கும்வரை உள்ளே கிருமி புகாது. திறந்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து சோறு கெட ஆரம்பிக்கிறது. அறுத்த அன்றே பிரித்து முடித்துவிட வேண்டும்.

கொட்டகையில் முதல் வேலை கழுவல். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் 400 மில்லி ஊற்றினால் 200 பி.பி.எம். குளோரின் கிடைக்கும். அதில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மண் போகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடியை இதற்கு முன் வெட்டிவிட்டால் குளோரின் சோற்றுக்குள் போகும். வரிசை மாறக் கூடாது.

கழுவிய பிறகு அடியில் 2 முதல் 3 செ.மீ. வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்வான கம்பித் தட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் பாலில் பெரும்பகுதி தானே வடிந்துவிடும். கீழே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தட்டு வையுங்கள். சிமெண்டுத் தரையில் பட்டால் கறை போகாது. பால் நன்றாக வடியட்டும் என்று ராத்திரி முழுக்க நிறுத்தி வைப்பது தவறு. சோற்றின் கெட்டித்தன்மைக்குக் காரணமான சர்க்கரைச் சங்கிலிகளை மடலில் இருக்கும் நொதிகளே அறுக்கத் தொடங்கிவிடும், காலையில் சோறு தண்ணீராக ஒழுகும்.

அடுத்து நுனி. இதற்கு ஓர் அளவுப் பலகை செய்துகொள்ளுங்கள்: ஒரு தகட்டில் 12 மி.மீ. அகலத்துக்கு ஒரு காடி. மடலின் நுனியைக் காடியில் விட வேண்டும். எதுவரை உள்ளே போகிறதோ அதுவரை வெட்டிவிட வேண்டும். 12 மி.மீ. ஏன் என்பது கத்திப் பகுதியில் விளங்கும். பக்கத்து முள் விளிம்பை எந்திரத்தில் ஏற்றுவதற்குச் சற்று முன்பாகக் கையால் எடுத்தால் போதும், ஒரு பக்கத்துக்கு 8 முதல் 10 மி.மீ. முள்ளெடுக்க எந்திரத்திலேயே இரண்டு வட்டக் கத்தி வைக்கலாமே என்று தோன்றும். மடல் நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், நிலையாக நிற்கும் வட்டக் கத்தி அடியில் அதிகம் அறுக்கும், நுனியில் தொடவே தொடாது. இந்த அளவு உற்பத்திக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. விளிம்பெடுத்த மடலை ஓடும் தண்ணீரில் ஒருமுறை காட்டிவிட்டு எந்திரத்துக்கு அனுப்புங்கள்.

உருளைகளும் வேகமும்

சராசரி மடல் 400 கிராம் என்று வைத்தால் 100 கிலோவுக்கு 250 மடல். ஒரு மடலுக்கு 14 விநாடி இருக்கிறது. நொடிக்கு 9 முதல் 10 செ.மீ. வேகத்தில், வெட்டிச் சீராக்கிய 40 செ.மீ. மடல் நான்கு விநாடியில் உள்ளே போய்விடும். ஆக, எந்திரம் எப்போதும் ஆட்களுக்காகத்தான் காத்திருக்கும். வேகத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம். வேகம் கூடினால் சோற்றுப் பாளம் கிழியும், மடல் கோணலாக ஏறும், அவ்வளவுதான் பலன்.

உள்ளிழுக்கும் உருளை ஜோடி: வெளிவிட்டம் 100 மி.மீ., நீளம் 160 மி.மீ., எஸ்.எஸ். குழாய்மேல் உணவுத் தர சிலிக்கான் அல்லது நைட்ரைல் ரப்பர், கடினம் ஷோர் ஏ 40 முதல் 50. ரப்பரில் 2 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்குக் காடிகள் போடச் சொல்லுங்கள். மொழுமொழுவென்றிருந்தால் ஈர மடல் வழுக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். ஷாஃப்ட் 25 மி.மீ., பேரிங் யு.சி.பி. 205. மேலுருளை ஸ்பிரிங்கில் மிதக்க வேண்டும். ஓய்வில் இரண்டு உருளைக்கும் இடைவெளி 8 மி.மீ., அதிகபட்சம் 40 மி.மீ. வரை திறக்கட்டும்.

இரண்டு உருளையும் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். பல்சக்கரம் போட்டால் மேலுருளை எழும்பும்போது பல் விலகிவிடும். அதனால் ஒரே செயினைக் கீழ் ஸ்பிராக்கெட்டைச் சுற்றி, மேல் ஸ்பிராக்கெட்டின் முதுகுப் பக்கமாகப் பாம்புபோல் வளைத்துக் கொண்டுவந்து, தளர்வை ஒரு ஸ்பிரிங் கைச் சக்கரத்தால் இழுத்துப் பிடியுங்கள்.

மோட்டார் அரை எச்.பி., 1440 ஆர்.பி.எம். அதில் 40:1 வார்ம் கியர்பாக்ஸ் போட்டால் 36 சுற்று. அங்கிருந்து அரை அங்குலச் செயினில் 17 பல்லுக்கு 34 பல் வைத்தால் உருளைக்கு 18 சுற்று. 100 மி.மீ. உருளையின் சுற்றளவு 314 மி.மீ., ஆக நொடிக்கு 94 மி.மீ. கணக்கு சரியாக விழுகிறது. வெட்டுவதற்கு இவ்வளவு சக்தி தேவையில்லை. ஆனால் அடிவாரத்துக் கிராமங்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது கால் எச்.பி. மோட்டார் கிளம்பாமல் முனகிக்கொண்டே சூடாகும். ஒற்றை பேஸில் ஓடுவதானால் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரே வாங்குங்கள்.

இந்த மெதுவான வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கியர்பாக்ஸ் இழப்பைக் கழித்த பிறகும் உருளை விளிம்பில் 200 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசை இருக்கும். விரல் போனால் கை போகும். எனவே மடல் ஊட்டும் பாதையை 85 செ.மீ. நீளமுள்ள மூடிய சரிவாகச் செய்யுங்கள். வாய் 120 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம், சரிவு 30 டிகிரி. ஈர மடல் தானே வழுக்கிப் போகும், சிக்கினால் தள்ள ஒரு மரக்கோல். முழுக்கையையும் விட்டாலும் உருளை எட்டாது என்பதற்காகத்தான் அந்த நீளம். இடம் அடைக்கிறது என்று அதைக் குறைக்காதீர்கள். ஊட்டுபவரின் இடுப்புயரத்தில் சிவப்புக் குமிழ் நிறுத்த ஸ்விட்ச் ஒன்று கட்டாயம்.

கத்தித் தலை

கீழ்ப்பழனி மலையில் காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பல்ப்பரில் உருளைக்கும் மார்புத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம். இறுக்கினால் கொட்டை நசுங்கும், தளர்த்தினால் பழம் தோலோடு போகும். ஆனால் காப்பிப் பழம் ஏறக்குறைய ஒரே பருமன். கற்றாழை மடல் அடியில் 25, 30 மி.மீ., நுனியில் 8 மி.மீ. மேல்முகம் தட்டை அல்லது குழிவு, கீழ்முகம் வயிறு தள்ளியது. இரண்டு கத்திகளை நிலையான இடைவெளியில் மாட்டிவிட்டால் ஒரே மடலில் அடிப்பகுதியில் சோறு வீணாகும், நுனியில் கத்தி பால் குழாய்க்குள்ளேயே ஓடும்.

அதனால் கத்தியின் ஆழத்தை மடலின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது, தோலிலிருந்து அளக்க வேண்டும். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவும் பீலரை எடுத்துப் பாருங்கள். அதன் முன்விளிம்பு தோல்மேல் தடவிக்கொண்டு போகிறது, பின்னால் வரும் அலகு அதே ஆழத்தில் சீவுகிறது. கிழங்கு எவ்வளவு பெரியது என்ற கவலை அதற்கு இல்லை. அதே ஏற்பாட்டைத்தான் மேலொன்று, கீழொன்றாக இங்கே வைக்கிறோம்.

ஒவ்வொரு தலையும் இப்படி அமையட்டும். உருளைப் பக்கம் ஒரு பின்னில் ஆடும் கை. அதன் முனையில் எஸ்.எஸ். தடவுதகடு, முன்னோரம் சறுக்குக்கட்டைபோல் வளைந்தது. அதை அடுத்து அதே கையில் போல்ட் போட்ட கத்தி. தடவுதகட்டுக்கும் கத்தி விளிம்புக்கும் உள்ள மட்ட வேறுபாடுதான் சீவும் ஆழம். அதை 0.5 மி.மீ. ஷிம் தகடுகளால், அதாவது இடையில் செருகும் மெல்லிய தகடுகளால், மாற்ற வேண்டும். திருகி மாற்றும் ஏற்பாடு வேண்டாம், அதிர்வில் தானே நகர்ந்துவிடும். தோலும் குழாயும் சேர்ந்து 2 மி.மீ. அளவுக்கு இருப்பதால் 3 மி.மீ.யில் தொடங்குங்கள். கோடையில் மெலிந்த மடலுக்கு 2.5, முற்றிய தடித்த மடலுக்கு 3.5. இந்த அரை மி.மீ. சின்ன விஷயம் அல்ல. 6 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளம் என்று கொண்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மடலுக்கு 20 கிராம் சோறு. மடலுக்கு 200 கிராம் சோறு கிடைக்கும் இடத்தில் அது பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் பால் தெரிந்தால் யோசிக்காமல் ஷிம்மைக் கூட்டுங்கள். போகிற சோறு போகட்டும்.

கத்திகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க இரண்டுக்கும் நடுவே 5 மி.மீ.யில் தடுப்பு போல்ட் வேண்டும். 5, அதோடு மேலே 3, கீழே 3, ஆக 11 மி.மீ. அதைவிட மெல்லிய மடலில் கத்தி சரியான ஆழத்தில் உட்காராது. நுனியை 12 மி.மீ. காடியில் அளந்து வெட்டச் சொன்னது இதற்காகத்தான். மடலை நுனி முன்னால் போகும்படி ஊட்டுங்கள். ஆப்புபோல் நுழைந்து உருளையையும் கைகளையும் மெல்ல எழுப்பும். அடியை முன்னால் கொடுத்தால் 30 மி.மீ. சுவர்போல் வந்து மோதும், உருளை கவ்வாது.

கைகளை அழுத்தும் ஸ்பிரிங் 2 முதல் 3 கிலோ அழுத்தம் தந்தால் போதும். பழைய கொக்கித் தராசைக் கையின் முனையில் மாட்டித் தூக்கி, கை எழும்பும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 5 கிலோவைத் தாண்டினால் மடல் கத்திக்கு முன்பே நசுங்கிப் பால் கசியும்.

கத்தி எஸ்.எஸ். 420, கடினப்படுத்தியது, 1.5 மி.மீ. கனம், மடல் போகும் திசைக்குக் குறுக்கே நேராக இல்லாமல் 10 முதல் 15 டிகிரி சாய்த்து. ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிக்க வேண்டும், சாணைப் பக்கம் தோலைப் பார்த்தும் தட்டைப் பக்கம் சோற்றைப் பார்த்தும் இருக்கட்டும். சாணைச் சரிவு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் கத்தி ஒதுங்கும். மாற்றி மாட்டிவிட்டால் கத்தி தோலை நோக்கி, பால் குழாய்க்குள் இறங்கும். கழற்றி மாட்டும்போது தவறாமலிருக்கப் போல்ட் துளைகளைச் சமமில்லாமல் போட்டுவிடுங்கள், தலைகீழாக மாட்ட முயன்றால் துளை சேராது.

உருளைக் கவ்விலிருந்து கத்தி விளிம்புவரை 70 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். அப்படியும் மடலின் கடைசித் துண்டு உருளையை விட்டபின் கத்தியில் நின்றுவிடும். அடுத்த மடல் தள்ளட்டும் என்று விடலாம், ஆனால் தள்ளினால் சோறு மடியும். கத்திக்குப் பின்னால் மேல்தோலுக்கு ஒன்று, கீழ்தோலுக்கு ஒன்றாக இழுவை ஜோடி வையுங்கள்: 52 மி.மீ. விட்டம், ஜோடியில் ஒன்று சொரசொரப்பான எஸ்.எஸ்., மற்றது ரப்பர். இவற்றை கியர்பாக்ஸின் 36 சுற்றிலேயே நேராக ஓட்டினால் நொடிக்கு 98 மி.மீ., உள்ளிழுக்கும் உருளையைவிட நான்கு விழுக்காடு வேகம். தோல் எப்போதும் விறைப்பாக இழுபட்டு வருவதால் வெட்டு சுத்தமாக விழும். நடுவில் வரும் சோற்றுப் பாளம் சரிவுத் தட்டில் வழுக்கித் தண்ணீர்த் தொட்டியில் விழும்.

உலோகமும் சட்டமும்

சட்டத்துக்கு எஸ்.எஸ். 304 சதுரக் குழாய், சோறு படும் தட்டு, தொட்டிக்கு எஸ்.எஸ். 316 முடிந்தால் நல்லது. சோற்றின் பி.எச். 4 முதல் 5. இந்தப் புளிப்பில் சாதா இரும்பு கரைந்து சோறு கறுக்கும். பித்தளை புஷ் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, செம்பு பட்டால் சோறு வேகமாகப் பழுப்பேறும். ஆர்கன் வெல்டிங் போட்ட மூட்டுகளை மழமழவென்று தேய்த்துவிட வேண்டும். பேரிங், செயின் எல்லாம் பக்கத் தகட்டுக்கு வெளியே. ஷாஃப்டில் ஒரு வளையத் தகடு இருந்தால் கிரீஸ் உள்ளே ஊறாது. மலைப்பாதையில் பிக்கப் வண்டியில் ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால் ஊட்டும் சரிவு, தலைப்பெட்டி, மோட்டார் மேசை என்று மூன்றாகக் கழலும்படி செய்யுங்கள்.

முதல் ஓட்டம்

முதலில் பத்து கிலோ மடலை மட்டும் ஓட்டி, சோறு, தோல், வடிந்த பால் மூன்றையும் தனித்தனியாக எடை போடுங்கள். வெட்டிச் சீராக்காத மடல் எடையில் பாதியை ஒட்டிச் சோறு வந்தால் எந்திரம் சரியாக இருக்கிறது. ஒரு தோலைக் கரண்டியால் சுரண்டுங்கள். திரளாகச் சோறு வந்தால் ஆழம் அதிகம். சுரண்டும்போதே மஞ்சள் வந்தால் ஆழம் சரி, பால் தோலோடு போயிருக்கிறது. பாளங்களைக் கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பச்சைத் துணுக்கு, மஞ்சள் கோடு தெரியும் இடத்தைக் கத்தியால் அரிந்து எறிந்துவிட்டு, பாளத்தை மூன்று தண்ணீரில் அலசலாம்.

நாக்கு நுனியில் வைத்துக் கசந்தால் அந்தத் தொகுதி நிச்சயமாகக் குடிக்கும் சரக்கு ஆகாது. கசக்கவில்லை என்பதற்காகத் தேறிவிட்டது என்று பொருளில்லை. 10 பி.பி.எம்.மை நாக்கு சொல்லாது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பித்தான் ஆக வேண்டும்.

பாளம் முழுக்க ஒரே பக்கம் மஞ்சள் கோடு வந்தால் அந்தப் பக்கத்து ஷிம் போதவில்லை அல்லது கத்தி தலைகீழாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பரவலாக மஞ்சள் என்றால் ஸ்பிரிங் இறுக்கம், இல்லாவிட்டால் பால் வடியவிடாத மடல். பாளம் ரம்பம் அறுத்தாற்போல் வந்தால் கத்தி மழுங்கிவிட்டது, தினமும் வேலை முடிந்ததும் நீர்க்கல்லில் தீட்டுங்கள். மடல் கோணிக்கொண்டு போனால் மேலுருளையின் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நீளத்தில் இல்லை.

சோறு இளஞ்சிவப்பாக மாறுவது காற்றாலும் தாமதத்தாலும். பாளம் எடுத்த உடனே கூழாக்கி, 1 மி.மீ. சல்லடையில் வடித்து, சிட்ரிக் அமிலத்தால் பி.எச். 3.5க்குக் கொண்டுவந்து, 65 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, உடனே பனித்தண்ணீரில் குளிர்விக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அந்தக் குழகுழப்பே போய்விடும். கூழாக்கும் அலகு வேகமாகச் சுற்றினால் காற்று கலந்து நுரைத்து, அந்தக் காற்றே பழுப்பேற்றும். மெதுவாக ஓட்டுங்கள், பாத்திரத்தை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி. கொடைக்கானல் பக்கம் விற்பதானால் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே உள்ள தடையையும் கணக்கில் வைத்துக் கண்ணாடிப் பாட்டிலுக்குத் திட்டமிடுங்கள்.

வேலை முடிந்து அரை மணிக்குள் எந்திரத்தைக் கழுவிவிட வேண்டும். காய்ந்த சோறு படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினால் ரப்பர்தான் கிழியும். முதலில் வெறும் தண்ணீர், பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ், கடைசியில் குளோரின் தண்ணீர், அதற்கும் பிறகு நல்ல தண்ணீர். குளோரினை எஸ்.எஸ்.மேல் ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். தரையையும் உடனே கழுவுங்கள், சோறு சிந்திய தரையில் நடப்பது சோப்பு நுரையில் நடப்பது போல.

100 கிலோ மடலுக்கு 50 கிலோவை ஒட்டித் தோலும் விளிம்பும் மிஞ்சும். பால் இருப்பதால் மாட்டுக்கு வைக்காதீர்கள், கழியும். நறுக்கிச் சாணத்தோடு அடுக்கி மட்கவிட்டால் எருவாகும். வடித்த பாலையும் முதல் அலசல் தண்ணீரையும் ஓடையில் விட வேண்டாம். இந்த அடிவாரத்து ஓடைகள் மருதாநதிக்கும் பரப்பலாற்றுக்கும் வரதமாநதிக்கும் போகின்றன. கொட்டகைக்குப் பக்கத்தில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்றைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்டி, அதில் விடுங்கள்.